ராத்திரி கபடி, சாதா கேமரா, ஒரு 50 எம்எம் லென்ஸ்

[திரையில்: செம்மண் களம். ரெய்டர் வெறும் மங்கலான தீற்றலாகத் தெரியும் படம்]

முதல் தடவை ராத்திரி கபடி மேட்ச் எடுக்கப் போனப்போ நானூறு படம் எடுத்தேன். அதுல தெளிவா விழுந்தது ஒரே ஆள். நடுவர். அவர் மட்டும்தான் அசையாம நின்னார்.

கையில இருந்தது கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். 55க்கு ஸூம் பண்ணா லென்ஸோட கண் எஃப் 5.6க்கு மேல திறக்காது (இந்த எஃப் நம்பர் குறையக் குறைய அதிக வெளிச்சம் உள்ள வரும்). கம்பத்துல நாலு லைட்டு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வை, 3200ல வச்சும் ஷட்டர் வேகம் 1/60 நொடியைத் தாண்டல. பாடி வர்ற ரெய்டர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல ஓடுறார்னா, 1/60 நொடியில 8 சென்டிமீட்டர் நகர்ந்துடுவார். மூஞ்சி இழுத்துக்கிட்டுப் போகாம என்ன செய்யும்? 1/500ல அதே ஆள் 1 சென்டிமீட்டர்தான் நகர்வார்.

அதுக்கு, தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுக்கிற ஆளுயர வெள்ளை லென்ஸ் வாங்கணுமான்னு கேப்பீங்க. கிரிக்கெட்டுக்குன்னா பேசலாம், பவுண்டரிக்கு வெளிய இருந்து பிட்ச் அவ்வளவு தூரம். கபடிக்கு வேண்டாம். ஆண்கள் களமே 13க்கு 10 மீட்டர்தான். 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு போதும். 5.6க்கும் 1.8க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். அந்த 1/60 அப்படியே 1/500ஐத் தாண்டிடும். 7 மீட்டர் தள்ளி நடக்கிற பிடி, ஃபிரேம்ல மூணு மீட்டர் அகலத்துக்கு விழும். ரெய்டரும் ரெண்டு மூணு பிடிக்காரங்களும் அடங்கிடுவாங்க.

[திரையில்: கேமரா டயல் 'எம்'முக்குத் திரும்புகிறது]

'எம்'னா மேனுவல், வெளிச்சத்தை நாமே செட் பண்றது. அதுல வைங்க. பின்னாடி கும்மிருட்டு. ஆட்டோவுல விட்டா கேமரா அந்த இருட்டைப் பார்த்து ஏமாந்து, வெளிச்சத்தைக் கூட்டி, வெள்ளை ஜெர்சியை வெளுத்துக் கொட்டிடும். ராத்திரி பூரா லைட்டு மாறப் போறதில்ல, ஒரு தடவை செட் பண்ணா முடிஞ்சுது. ஃபோகஸுக்கு ஏஐ சர்வோ (ஓடுற ஆளை விடாமத் துரத்துற ஃபோகஸ்), நடுப் புள்ளி மட்டும். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பாடுறவர் கண்ணுல அடிச்சா ஆட்டமே கெட்டுடும்.

ஒரு படம் பளிச்சுன்னும் அடுத்தது மங்கலாவும் விழுந்தா கேமராவைத் திட்டாதீங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி லைட்டு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். இந்த கேமராவுல, இந்த ஷட்டர் வேகத்துல அதை நாம ஒண்ணும் பண்ண முடியாது. ரா ஃபைலா, அதாவது கேமரா சுருக்காத மூலப் படமா எடுத்து வச்சா வீட்டுல கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த கேமரா நொடிக்கு 3 படம்தான் எடுக்கும். காலைப் பிடிச்சு ஆளைச் சாய்க்கிறது, ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலயே முடிஞ்சு போகலாம். படபடன்னு அமுக்கிப் பிரயோஜனம் இல்ல. கண்ணால பார்த்த பிறகு அமுக்குனா லேட். நடக்கப் போறதை முன்னாடியே மோப்பம் பிடிக்கணும்.

[திரையில்: போனஸ் கோடு, அருகே கார்னர் ஆட்டக்காரரின் கை. மெதுவாக ஓடும் காட்சி]

எல்லாரும் ரெய்டர் மூஞ்சியைப் பார்ப்பாங்க. நீங்க கார்னர், அதாவது தடுக்கிற அணியில ஓரத்துல நிக்கிறவர் கையைப் பாருங்க. பக்கத்து ஆளோட கை கோத்து நிக்கிறார். ரெய்டர் போனஸுக்கு, அதாவது போனஸ் கோட்டைத் தாண்டிக் கிடைக்கிற கூடுதல் பாயின்ட்டுக்குக் கால் நீட்டுறார். பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க, முன்கால் கோட்டைத் தாண்டணும். அதாவது அந்த நேரத்துல அவர் நிக்கிறது ஒத்தைக் கால்ல. கார்னர் இடுப்பு தாழுது. கோத்த கை விடுது. அமுக்குங்க! கணுக்கால்ல கை விழுறதும் ஷட்டர் விழுறதும் ஒண்ணா இருக்கும். இருக்கணும். பத்துல ரெண்டு சிக்குனாலே எனக்கு ராஜயோகம்.

எஃப் 1.8ல 5 மீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னுமா சேர்த்து அறுபது எழுபது சென்டிமீட்டர்தான் தெளிவா இருக்கும். அதனால கால் நீட்டுறதுக்கு முன்னாடியே, பட்டனைப் பாதி அமுக்கி ரெய்டர் மேல ஃபோகஸை ஒட்ட வச்சிருங்க.

உட்கார்ற இடம்: நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டுல, தரையில. பிடிபட்டவர் கோட்டைத் தொட உங்க பக்கமா கையை நீட்டித் தவழ்ந்து வருவார். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவுல ஒரு சாண் மண்ணு, முதுகு மேல நாலு பேர். அந்தப் படத்துக்குத்தான் நான் இன்னும் போய்க்கிட்டே இருக்கேன். ஆனா கோட்டை ஒட்டி உட்காராதீங்க. ஒருதடவை அஞ்சு பேர் மொத்தமா என் மடியில வந்து விழுந்தாங்க, லென்ஸ் ஹூடு நொறுங்குச்சு. ரெண்டு மீட்டராவது தள்ளி, நடுவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உட்காருங்க.

ஒரு ரெய்டு 30 நொடி. கடைசிப் பத்து நொடியில கேமராவைக் கண்ணுல இருந்து எடுக்காதீங்க, பாயின்ட் எடுக்காத ரெய்டர் அப்பதான் துணிஞ்சு உள்ள போவார். டூ ஆர் டை விதி (ஒரு அணிக்குத் தொடர்ந்து ரெண்டு ரெய்டு பாயின்ட் இல்லாமப் போனா, மூணாவதுல பாயின்ட் எடுக்கணும், இல்லன்னா ரெய்டர் அவுட்) வச்சு ஆடுற மேட்ச்னா, ரெண்டு ரெய்டு வெறுமனே போனதை எண்ணி வச்சுக்குங்க. மூணாவதுல ஏதாவது நடந்தே தீரும்.

இடைவேளையில படத்தைப் பாருங்க, தண்ணி குடிங்க. லென்ஸை மட்டும் கழட்டிடாதீங்க. அந்த செம்மண் புழுதி சென்சார்ல உட்கார்ந்தா, அடுத்த மாசம் கல்யாண வீட்டுல எடுக்கிற பொண்ணு கன்னத்துலயும் கரும்புள்ளியா வந்து நிக்கும்.