ஏழு மணிக்கு மேல் ஸ்டூடியோவில் யார்?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் பல, மாலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை ஓடிக்கொண்டிருந்த சிண்டிகேட் நிகழ்ச்சிகளைக் கைவிட்டு, அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும் பாடல்களை ஓடவிடத் தொடங்கியிருக்கின்றன. கேட்டதும் "ஐயோ, மனுஷனை எடுத்துட்டு மெஷினை வைக்கிறாங்களே" என்று மனசு பதறும். நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப்போகிறேன். இன்று வேலை போகும் அந்த சிண்டிகேட் தொகுப்பாளரே, ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் இருந்த மாலை நேர அறிவிப்பாளரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான்.

சிண்டிகேட் என்பது ஓரிடத்தில் தயாரித்துப் பல நிலையங்களுக்கு அனுப்புவது. கேசி கேசம் 1970-இல் தொடங்கிய 'அமெரிக்கன் டாப் 40' இசைத்தட்டுகளாக அச்சாகி நிலையங்களுக்குப் போனது. பிறகு செயற்கைக்கோள் வந்தது. இதில் ஒரு தந்திரம் உண்டு. தொகுப்பாளர் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தன் குரலில் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பிவைப்பார். ஒலிபரப்பில் ஒரு சமிக்ஞை வரும், உடனே உள்ளூர் கம்ப்யூட்டர் அந்த ஊருக்கான துண்டைச் சொருகும், பின்னாலேயே உள்ளூர் விளம்பரத்தையும் போடும். வீட்டில் கேட்பவருக்கு, அவர் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

நிலையத்துக்கு இதில் என்ன செலவு? பெரும்பாலும் கையிலிருந்து காசு எதுவும் போகாது. பண்டமாற்றுதான். நிகழ்ச்சியை இலவசமாக வாங்கிக்கொண்டு மணிக்கு இத்தனை நிமிட விளம்பர நேரத்தை விநியோக நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதை அவர்கள் நாடு முழுக்கச் செல்லும் விளம்பரங்களுக்கு விற்பார்கள். ஆக, தொகுப்பாளரை நீக்கும் நிலைய மேலாளர் சம்பளம் எதையும் மிச்சப்படுத்தவில்லை, அந்த நிமிடங்களைத்தான் திரும்பப் பெறுகிறார். பாட்டுக்கோ கூடுதல் செலவு அநேகமாக இல்லை. அமெரிக்க வானொலிகள் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் மொத்த உரிமம் கட்டுகின்றன, காற்றலையில் ஒலிபரப்புவதற்கு, ஒலிப்பதிவில் பாடியவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. உலகத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத சலுகை இது, அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் சண்டை போடலாம்.

திரும்பக் கிடைத்த நிமிடங்களை விற்க முடிகிறதா என்றால், அதுதான் கஷ்டம். வானொலியின் பணம் காரில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் நேரம், சாயங்காலம் திரும்பும் நேரம். ஏழு மணிக்கு மேல் கேட்பவர் குறைவு, விளம்பர விலையும் குறைவு. இதையெல்லாம் ஒரு கணக்கு ஏட்டில் எழுதிப் பார்த்தால் மெஷின்தான் ஜெயிக்கும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அந்த மெஷின் ஒன்றும் நேற்று வந்ததில்லை. அறுபது, எழுபதுகளிலேயே பெரிய டேப் சுருள்களில் பாட்டைப் பதித்து, பாட்டு முடியும் இடத்தில் 25 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைச் செருகி வைத்தார்கள். காது அதைக் கவனிக்காது, கருவி கவனித்து அடுத்த சுருளை ஓட்டும். இன்றைய மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறிப்பு இருக்கும்: குரல் தொடங்க எத்தனை வினாடி, அடுத்த பாட்டு எந்த இடத்தில் ஏற வேண்டும், வேகம் என்ன. ஒரே பாடகர் இவ்வளவு நேரத்துக்குள் மறுபடி வரக்கூடாது, நேற்று எட்டு மணிக்கு வந்த பாட்டு இன்றும் எட்டு மணிக்கு வரக்கூடாது என்று விதிகள். ஆள் குரல் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. அறிவிப்பாளர் பாட்டின் கடைசிச் சில வினாடிகளை மட்டும் கேட்டு, மேலே இரண்டு வரி பேசி, அடுத்ததற்குத் தாவுவார். ஐந்து மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

பேச்சு ஏன் சுருங்கியது என்பதற்கு இன்னொரு காரணம், கேட்பவரை எண்ணும் முறை. முன்பு எல்லா ஊரிலும் ஆட்களிடம் ஒரு சிறு டைரியைக் கொடுத்து, எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். எழுதுபவர் நினைவிலிருந்து எழுதுவார், நினைவில் நிற்பது தொகுப்பாளரின் பெயர். 2007-லிருந்து பெரிய நகரங்களில் உடலோடு எடுத்துச்செல்லும் மீட்டர் வந்தது. ஒலிக்குள் ஒளிந்திருக்கும் குறியீட்டை அது நிமிடத்துக்கு நிமிடம் பிடிக்கும். விரும்பிக் கேட்டீர்களா, கடையில் காதில் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. யாரோ ஒரு நேயர் போனில் அழுதுகொண்டே பேசும்போது நாலு பேர் நிலையம் மாற்றினால் அது மட்டும் அப்படியே தெரிந்துவிடும். அப்புறம் யார் பேச விடுவார்கள்? நேயர்களோடு போனில் பேசி அவர்களுக்குப் பாட்டுப் போடும் சிண்டிகேட் தொகுப்பாளர் டெலைலா. அவருடைய மாலை நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாட்டைவிட அந்தப் போன் அழைப்புகளுக்காகவே காத்திருந்தவர்கள் ஏராளம். அந்தக் காத்திருப்பை அளக்க மீட்டரில் முள் இல்லை.

இதற்கெல்லாம் கீழே கடன் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுக்க ஒரு நிறுவனம் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் ஏறக்குறைய 1,200 நிலையங்கள் வரை போனது. அதுவே ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறி, 2,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு 2018-இல் திவால் மனு போட்டது. அவ்வளவு வட்டி கட்டுகிறவர் கண்ணில் மாலை ஏழு மணி ஸ்டூடியோ விளக்குகூட வீண்செலவாகத்தான் படும். நிலையம் தன் ஊரிலோ அருகிலோ ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதியையும் 2017-இல் நீக்கிவிட்டார்கள்.

என் கவலை இந்த இடத்தில்தான். 2002 ஜனவரி 18 பின்னிரவில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகருக்குப் பக்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா மேகம் கிளம்பியது. ஒருவர் இறந்தார். அந்த ஊரின் ஆறு வணிக வானொலிகளும் ஒரே நிறுவனத்தின், அதே கிளியர் சேனலின் கையில். நிலையத்துக்குப் போன் செய்தும் ஆள் கிடைக்கவில்லை என்றது போலீஸ். எச்சரிக்கைக் கருவியை நீங்கள்தான் சரியாக அமைத்து வைக்கவில்லை என்றது நிறுவனம். யார் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சிண்டிகேட் தொகுப்பாளர் இருந்தாலும் அன்றிரவு அந்தக் கட்டடத்தில் அவர் இருந்திருக்க மாட்டார். அதனால்தான் அவருக்காக மட்டும் அழ எனக்கு வரவில்லை.

நிலையங்கள் இந்த மாற்றத்தை "இனி எல்லாம் உள்ளூர்" என்று விளம்பரம் செய்தால் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: ஏழு மணிக்கு மேல் உங்கள் எண்ணை அழைத்தால் எடுப்பது யார்? ஐந்து மணி நேரமும் வேண்டாம், ஒரு மணி நேரம், அந்த ஊர்க்காரர் ஒருவர், பாட்டுக்கு நடுவே போனை எடுத்துப் பேசட்டும். திரும்பக் கிடைத்த நிமிடங்களில் சிலவற்றை உள்ளூர்க் கடைக்காரருக்கு விற்று அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். பெரிய லாபம் வராது, நஷ்டம் வரும் என்றும் தோன்றவில்லை. இதை ஏற்காதவர்கள் இங்கே இருப்பீர்கள், மைக் அந்தப் பக்கம் வருகிறது, பேசுங்கள்.