ஒரு சாண் மரம்

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி பிறந்து ஏறத்தாழ பத்தாம் நாளில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். சேலம் அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளிலும், ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்புகளிலும், டிசம்பர் மாதத் தொடக்கத்திலேயே குடில் கட்டும் பேச்சு எழுந்துவிடுகிறது. அந்தக் குடிலின் ஓரத்தில், மேய்ப்பர் பொம்மைகளுக்குப் பின்னால், ஒரு சாண் உயரத்தில் நிற்கும் கைவேலை மரத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய மரங்களைச் செய்தும், பிறருக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன்.

கிறிஸ்துமஸ் மரம் என்றாலே கூரையை எட்டும் மரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், விக்டோரியா மகாராணியின் குடும்பத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்பதாக 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த புகழ்பெற்ற படத்தில், மரம் மேசையின் மீதுதான் நிற்கிறது. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்திருக்கிறார்கள். கையால் செய்யும் சிறு மரத்துக்கு அத்தனை நெடிய மரபு உண்டு.

மரத்தைச் செய்யும் முறையை நீண்ட நேரம் விளக்கப் போவதில்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேங்காய் நாரையோ கற்றாழை நாரையோ பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே பரப்பி முறுக்கினால் அந்த உருவமே கிடைக்கும். பிறகு கத்தரிக்கோலால் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டிக்கொண்டால் மரம் ஆயிற்று. கை பழகுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அலங்காரத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். ஆறடி மரத்தில் தொங்கும் மூன்று அங்குல உருண்டை, அந்த மரத்தின் உயரத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான். அதே கணக்கை ஒன்பது அங்குல மரத்துக்குப் போட்டுப் பாருங்கள்; ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஒரு காப்பிக்கொட்டை அளவே வரும். ஒரு சாண் மரத்தில் இருக்க வேண்டிய மிகப் பெரிய பொருளே காப்பிக்கொட்டை அளவுதான் என்பதை மறுபடியும் சொல்கிறேன். கடையில் வாங்கிய நெல்லிக்காய் அளவு உருண்டைகளை நான்கைந்து மாட்டிவிட்டால், மரம் மறைந்து உருண்டைகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் இவ்வளவு சிறிய பொருள்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் மிளகும் கடுகும் இருக்கின்றன. சிவப்பும் பொன்னிறமும் பூசிய மிளகு நடுத்தர உருண்டையாகவும், கடுகு மிகச் சிறிய மணியாகவும் அமைந்துவிடும். தோரணத்துக்குக் கடைச் சரிகைத் தாள் தடித்துப்போகும். அம்மாப்பேட்டைப் பக்கம் நெசவு வீடுகளில் கழித்துப் போடும் ஜரிகை நூல் ஒரு முழம் கிடைத்தால், அது இந்த மரத்துக்கென்றே செய்தது போலப் பொருந்தும். உச்சி நட்சத்திரத்தை நான் ஏற்காட்டிலிருந்து கொண்டு வருகிறேன். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டு, மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரங்களின் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பாருங்கள். அடிப்புறம் வெள்ளி பூசியது போல இருக்கும். அந்த இலையின் கூர்நுனிகள் ஐந்தை வெட்டி, அடிப்புறம் வெளியே தெரியும்படி ஒட்டினால் போதும்.

இந்த இடத்தில் செவ்வாய்ப்பேட்டை அண்ணன் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலுசுப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் தொடக்கத்தில் செய்த மரம் ஒன்றை, இண்டு இடுக்கு விடாமல் மிளகு ஒட்டிய மரத்தை, பெருமையோடு அவரிடம் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கொலுசைக் கொண்டுவந்து என் காதருகே குலுக்கினார். பிறகு அதன் சலங்கைகள் எல்லாவற்றையும் விரல்களால் ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குலுக்கினார், ஒலியே இல்லை. “ஏம்மா, எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி வச்சா சத்தம் எப்படிம்மா வரும்?” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவே உட்கார்ந்து பாதி மிளகுக்கு மேல் உரித்தெடுத்தேன். உரித்த இடங்களில் நாரின் பச்சை தெரிந்தது. எஞ்சிய மிளகுகள் தனித்தனியே மின்னத் தொடங்கின. அதன்பின் ஒரு சாண் மரத்தில் முப்பது மணிகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. எந்த இரண்டு மணிகளுக்கு நடுவிலும் இன்னொரு மணி நுழையும் அளவுக்காவது பச்சை தெரிய வேண்டும் என்று, கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறேன். சிலர் அவசரத்தில் நெருக்கி ஒட்டிவிடுவார்கள்; அவர்களுக்கு நானும் ஒரு கொலுசை எடுத்துக் காட்டுவேன்.

பனிக்கு நம் ஊர் ஜவ்வரிசியை விடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை. கிளை நுனிகளில் ஒட்டினால் பனித்துளி உறைந்தது போலவே இருக்கும். ஆனால், ஓர் ஆண்டு பதினொரு மரங்களை இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏற்காட்டு விற்பனை ஒன்றுக்குக் கொண்டு சென்றபோது, இரவு முழுவதும் இறங்கிய மூடுபனியில் ஜவ்வரிசி பிசுபிசுத்து, காலையில் எறும்பு மொய்த்துவிட்டது. ஒட்டிய பசை காய்ந்த பிறகு ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துவிட வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மைதாப் பசை பயன்படுத்துவோர் பூச்சிக்காக அதில் சிறிது மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் குழந்தைகள் கைபடும் மரங்களுக்கு வேண்டாம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விளக்குகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய கம்பியில் அரிசி அளவு எல்.இ.டி. கோத்த சரமே இந்த மரத்துக்கு ஏற்றது. மணிகளை ஒட்டுவதற்கு முன்பே அதைத் தண்டை ஒட்டி உட்புறமாகச் சுற்றிவிடுங்கள். அதில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடியைத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். சிறு குழந்தைகள் அதை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நேயர்கள் அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வணக்கம்.