டிரையரில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: திருத்துவதா, எறிவதா?

போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கனடாவில் மார்க்கம் நகரில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். உடுப்புக் காய வைக்கிற 11 வருடப் பழைய எலக்ட்ரிக் டிரையர். டிரம் சுற்றுகிறது, ஆனால் துளிச் சூடும் இல்லை. கணவர் ஹீட்டர் பெட்டியில் இருக்கிற தெர்மல் ஃபியூஸை, அதாவது சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டுகிற ஃபியூஸை, மாற்றினாராம், இரண்டு கிழமை ஓடிவிட்டு மறுபடியும் அதே கதை. பார்க்க வந்தவர் "பழசு, எறிந்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, பொறுங்கள், எறிய வேண்டாம். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஃபியூஸ் சும்மா போகாது. அதைப் போக வைத்தது எது என்று பார்க்காமல் அடுத்த ஃபியூஸ் வாங்கினால் அதுவும் போகும்.

அதுக்கு முதல் ஒரு கேள்வி. இரண்டாம் தடவையும் ஃபியூஸ்தான் போனது என்று மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா, இல்லை, சூடு வரவில்லை என்றதும் நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா? ஏனென்றால் கனடாவில் டிரையருக்கு வருவது 240 வோல்ட், 30 ஆம்ப் இரட்டை பிரேக்கர் வழியாக, 120, 120 என்று இரண்டு லைன். மோட்டாருக்கு ஒரு லைனும் நியூட்ரலும் போதும், ஹீட்டருக்கு இரண்டு லைனும் வேண்டும். அந்த மற்ற லைன் விழுந்தால் டிரம் தன்பாட்டில் சுற்றும், லைட் எரியும், சூடு மட்டும் வராது. ஆகவே முதலில் பிரேக்கரை முழுதாக ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள், இதுக்குச் செலவே இல்லை. பழைய ஃபியூஸ் பெட்டி உள்ள வீடுகளில் டிரையருக்கான இரண்டு ஃபியூஸில் ஒன்று மட்டும் போயிருக்கும். மெஷினின் பின்பக்கம் வயர் பூட்டுகிற இடம் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு.

கரண்ட் சரி என்றால் மீட்டருக்கு வருவோம். பிளக் வெளியே இருக்க வேண்டும், இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன், சலித்தாலும் கேளுங்கள். ஹீட்டரில் இருந்து இரண்டு வயரையும் கழற்றி ஓம்ஸில் வைத்தால் 10 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். 5,400 வாட் ஹீட்டருக்குக் கணக்குப் போட்டால் அவ்வளவுதான் வரும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. தெர்மல் ஃபியூஸ் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் நல்லது, காட்டாவிட்டால் போய்விட்டது. அதோடு சேர்ந்திருக்கிற ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டையும், அதுதான் சூடு எல்லை மீறினால் ஹீட்டரை நிறுத்துகிற சுவிட்ச், கூடவே மாற்றுங்கள். பல மாடல்களில் இரண்டும் ஒரே பைக்கற்றில் விற்பதே அதனால்தான்.

இன்னொன்று, அதிகம் பேர் பார்க்காதது. மீட்டரின் ஒரு முனையை ஹீட்டர் முனையிலும் மற்றதை ஹீட்டரின் தகரப் பெட்டியிலும் வையுங்கள். ஒன்றும் காட்டக் கூடாது. பிராம்டனில் ஒரு வீட்டில் இதே தொல்லை, ஆனால் அங்கே போனது காற்றை வெளியே தள்ளுகிற புளோவரில் இருக்கிற ஃபியூஸ், அது போனால் அந்த மாடலில் மோட்டாரே கிளம்பாது. ஃபியூஸைப் போட்டு, சூடில்லாத செட்டிங்கில் ஓட விட்டேன். காற்றுச் சுடச்சுட வருகிறது! ஹீட்டர் கம்பி தொய்ந்து தகரத்தில் பட்டிருந்தது. தெர்மோஸ்டாட் ஒரு லைனைத்தான் வெட்டும், மற்ற லைன் தகரம் வழியாக வழி கண்டுபிடித்துவிடும், ஆகவே மோட்டார் ஓடும்வரை ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். பாவம் அந்த ஃபியூஸ், அது என்ன செய்யும்? புது ஹீட்டர் போட்டேன், முடிந்தது.

அக்கா, உங்களுடையதில் துளிச் சூடும் இல்லை என்கிறீர்கள், அதனால் அந்தக் கதையாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: டிரையரின் காற்று வெளியே போகிற பைப் எப்படி இருக்கிறது? இதை ஒருவரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஃபியூஸ் போவதற்கு முதல் உடுப்புக் காய இரண்டு தடவை போட வேண்டியிருந்ததா? அப்படியென்றால் காற்று வெளியே போகவில்லை. நம்மட ஆட்களின் வீட்டில் பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதற்காக டிரையரை இடம் மாற்றி, மினுமினுக்கிற ஃபாயில் பைப்பை நாலு வளைவு வளைத்து இழுத்து விட்டிருப்பார்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் பைப்பின் நீளம் பொதுவாக 35 அடிதான், ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 5 அடி கழிக்க வேண்டும். நாலு வளைவுக்கே 20 அடி போய்விட்டது. மிச்சத்தை உடுப்பில் இருந்து உதிர்கிற பஞ்சு அடைத்துவிடும். சூடு உள்ளேயே தங்கும், ஃபியூஸ் போகும். போகாவிட்டால் நெருப்பு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை பார்த்த கணக்கில் வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ, முதல் காரணம் சுத்தம் செய்யாமை.

ஆகவே புது மெஷின் வாங்கி அதே பைப்பில் பூட்டினால் அதுவும் ஃபியூஸைத் தின்னும். அப்போது யாரைக் குறை சொல்வீர்கள்? வெளியே சுவரில் இருக்கிற மூடி திறக்கிறதா, குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பைப்பை வழுவழுப்பான தகரப் பைப்பாக மாற்றுங்கள், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்குரூ போடாமல்.

திருத்துவதா என்றால், 11 வருடம் பெரிய வயது இல்லை. ஃபியூஸ், தெர்மோஸ்டாட், ஹீட்டர், பெல்ட், ரோலர் எதுவானாலும் திருத்துங்கள், புது மெஷினின் விலையோடு பார்த்தால் சின்னக் காசு. முறுக்குகிற டைமர் உள்ள பழசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருத்துங்கள். மோட்டாரும் போய் டிரம்மும் வெடித்திருந்தால், அல்லது எலக்ட்ரானிக் போர்டு போய் அந்தப் போர்டே இப்போது வருவதில்லை என்றால், சரி, விட்டுவிடுங்கள். காஸ் டிரையர் என்றால் பேர்னர் பக்கம் கை வைக்காதீர்கள், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

இங்கிலாந்தில், லண்டனில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு லைன் கணக்கு இல்லை. ஆனால் 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை செய்த ஹாட்பாயின்ட், இன்டெசிட், கிரீடா டிரையர் வைத்திருந்தால், திருத்துவதற்கு முதல் 2019இல் வந்த திரும்பப் பெறும் அறிவிப்பில் உங்கள் மாடல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொம்பனியைக் கூப்பிடுங்கள்.

அக்கா, ஹீட்டரின் ஓம் எவ்வளவு, பைப் எத்தனை அடி, எத்தனை வளைவு, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள், மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.