முன் சக்கரத்து மெழுகுவர்த்திகள்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை எட்டரைக்கு எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தெருப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். என் பிள்ளைகள் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குக் கையாட்டுவார்கள். வேனுக்குப் புது ஓட்டுநர் வந்திருந்தால், "சீக்கிரம் வாங்க பாப்பா" என்று இவர்களுக்காகவும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பார். 11 வருடமாக இப்படித்தான். எங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் இதைச் சொன்னால் முதல் கேள்வி, "ஏம்மா, ஃபீஸ் கட்ட முடியலையா?" இரண்டாவது கேள்வி, "சட்டம் ஒத்துக்குமா?" 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக் கல்விக்கென்று அதில் தனியாக எதுவும் எழுதி வைக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு, 1989-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்திருந்தால் எழுதலாம். பெரியவள் அதில்தான் எழுதினாள். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன், நேரம் இருந்தால்.

நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள், ஜெர்மனியில் கிறிஸ்தவ சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லுத்தர் வழி வந்த சபை. இந்த ஊருக்கு அது புதிதில்லை. 1895-லேயே கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் வேலை தொடங்கிவிட்டது. லுத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்று, விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பத்துக் கற்பனை, அதாவது பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று போகும். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில் என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் விதம் என்று. குருவானவர் சொல்லித்தர வேண்டும் என்றில்லை, வீட்டுக்காரர் சொல்லித்தர வேண்டும். முதலில் அது புத்தகமாகக்கூட வரவில்லை, சுவரில் ஒட்டுகிற தாள்களாக அச்சடித்தார்கள். எங்கள் சமையலறைச் சுவரில் வாய்ப்பாடு ஒட்டியிருக்கிற மாதிரி.

அதில் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரே கேள்வி வரும். "இதற்கு அர்த்தம் என்ன?" என் மாமியாருக்கு அது முழுக்க மனப்பாடம். பிள்ளைகள் ஆயா என்பார்கள். ஆயா கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள். நாளாக நாளாகக் கேள்வி ஞானோபதேசத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பால் ஏன் பொங்குது, இதற்கு அர்த்தம் என்ன? பஞ்சாயத்து போர்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறானே, இதற்கு அர்த்தம் என்ன? என் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் எது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்தக் கேள்வியைத்தான். நான் ஆறு வருடம் டீச்சராக வேலை பார்த்தவள். அந்த ஆறு வருடத்தில் ஒரு நாளாவது அதை நிதானமாகக் கேட்க எனக்கு நேரம் கிடைத்ததா? போர்ஷன் முடிக்கவே சரியாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் லுத்தரே சண்டைக்கு வருவார். 1524-ல் ஜெர்மன் நகரசபைக்காரர்களுக்கெல்லாம் "பள்ளிக்கூடம் கட்டுங்கள்" என்று கடிதம் எழுதினவர் அவர். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் மறு வருடமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆயா இதையும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார், கொஞ்சம் குத்தலாகவே.

சரி, தலைப்பில் சொன்ன சக்கரத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்ததுதான் அட்வெந்து காலம், காத்திருக்கிற காலம். 1839-ல் ஹாம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்று ஒரு லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் தினமும் அவரை நச்சரித்தார்கள், "இன்னைக்குக் கிறிஸ்துமஸா? இன்னைக்கா?" அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நாலு, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு வர்த்திகள் என்று வைத்தார். தினம் ஒன்று கூடும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் சின்னவனும் அதே நச்சரிப்பு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு எங்கே போவது? சைக்கிள் கடைக்குப் போனோம். பழைய ரிம் ஒன்றை எடைக்குக் கொடுத்தார் கடைக்காரர். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் முஸ்லிம், நோன்புக்கு நாள் எண்ணத் தெரிந்தவர். "அதுக்கென்னம்மா" என்று பழைய ஸ்போக் கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு முனையை மேலே வளைத்துக் கொடுத்தார். துளையில் கம்பியைச் செருகி, நிமிர்ந்து நிற்கிற முனையில் வர்த்தியைக் குத்தினால் ஆடாமல் நிற்கும்.

இனிமேல்தான் விஷயம். பெரியவள் துளைகளை எண்ணினாள், 32. பஞ்சாங்கக்காரர் மாதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முதல் ஞாயிறு நவம்பர் 27-ல் விழுந்தால் அட்வெந்து 28 நாள், அதற்கு மேல் போகாது. 32-ல் 28 போனால் மிச்சம் நாலு. நாலு துளை வீணா என்று உதட்டைப் பிதுக்கினாள். நடுவில் இருக்கிறவன், அவனுக்கு அப்போது எட்டு வயது, "கயிறு எங்க கட்டுவ?" என்றான்.

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்லை. ரிம்மை உத்தரத்திலிருந்து தொங்கவிட நாலு கயிறு வேண்டும். ஒவ்வொரு எட்டாவது துளையிலும் ஒரு கயிறு கட்டினால், இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஏழு துளை. ஒரு ஞாயிறு, ஆறு வார நாள். நாலு பக்கமும் அப்படியே. யாரோ அளவெடுத்துச் செய்த மாதிரி! வகுத்தல், மீதி, மடங்கு எல்லாம் அன்றைக்குச் சமையலறைத் தரையில் முடிந்துவிட்டது. 2022-ல் முதல் ஞாயிறு நவம்பர் 27, சக்கரம் நிறைந்தது. அடுத்த வருடம் டிசம்பர் 3-ல் தொடங்கி, நாலாவது ஞாயிறே 24-ஆக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆறு துளை காலி. சின்னவன் அழுதான், ஆறு நாளை யாரோ திருடிவிட்டார்கள் என்று.

அலங்காரத்துக்கு ஜெர்மனியில் ஊசியிலைத் தழை. இங்கே மாவிலை. முதல் வருடம் ரிம்மைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடு பாதி அட்வெந்தைத் தின்று முடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் கயிறு.

மெழுகுவர்த்தி எரிகிற நாட்களில்தான் எங்கள் ஊரில் மா பூக்கத் தொடங்கும். பனி கூடினால் பூவில் சாம்பல் நோய் விழும், வெள்ளை வெள்ளையாய் மாவு தூவின மாதிரி. பிப்ரவரி வாக்கில், லெந்து என்கிற ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தபோது சின்னவன் கேட்டான், "இது மாமரத்துக்கு ஜெபம் பண்ற நாளா?" ஆயா சிரிக்கவில்லை. "அதுக்கும் பண்ணலாம்டா" என்றார்.

லெந்து நாற்பது நாளும் கவுச்சி கிடையாது. ராத்திரி ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். நோன்பு என்றுதான் ஆரம்பித்தோம். இரண்டாவது வாரம் பிள்ளைகள் மூன்றாவது உருண்டை கேட்கிறார்கள். ஆயா தட்டைப் பார்த்துவிட்டு, "இது நோன்பா, விருந்தா?" என்றார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களியை வைத்து நோன்பு இருக்க முடியாது நேயர்களே, முயற்சி பண்ணிப் பாருங்கள்.

லுத்தர் காலை ஜெபத்துக்குப் பிறகு, பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாய் வேலைக்குப் போ என்று எழுதியிருக்கிறார். ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு, உடனே சந்தோஷமாய்த் தூங்கு. முதலாவதை என் பிள்ளைகள் சுமாராகத்தான் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டாவதில் அந்த 'உடனே' இருக்கிறதே, அது இன்னும் நடக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஏழு வாரத்தில் வருகிற பெந்தெகோஸ்தே பண்டிகை கழிந்தால் சபையில் பச்சை நிறக் காலம், தோப்பில் பெங்களூரா மாம்பழக் காலம். என் வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. ஜூன், ஜூலையில் நள்ளிரவுக்குத்தான் வீடு வருவார். அப்போது குடும்ப ஜெபம் காலைக்கு மாறும். பிள்ளைகளுக்குப் பாடம் தோப்பில். ஒட்டு மரத்தில் ஒட்டு எங்கே, டன் கணக்கு, பழப்பெட்டிக் கணக்கு...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்து நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை பற்றிச் சொல்ல வந்தேன். நாங்கள் கொண்டுபோன பூசணிக்காயை ஏலத்தில் நாங்களே கூடின விலைக்கு எடுத்த கதை, போகட்டும். அக்டோபர் 31 சீர்திருத்த நாளில், லுத்தர் ஆலயக் கதவில் ஒட்டியதாகச் சொல்கிற 95 குறிப்புகளுக்குப் பதில் பிள்ளைகள் சமையலறைக் கதவில் எனக்கு எதிராக ஒன்பது குறிப்பு ஒட்டியதும் போகட்டும். பெரியவளுடைய பரீட்சை: ஐந்து பாடம் எழுதினாள், ஐந்திலும் தேறினாள். கணக்கில்தான் நல்ல மார்க்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் சைக்கிள் கடையில் பழைய மாடல் சைக்கிளின் முன் சக்கரம் என்று கேட்டு வாங்குங்கள். பின் சக்கரத்தில் 40 துளை, கணக்கு உதைக்கும். புது மாடல் என்றால் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஆடு இருக்கிற வீடாக இருந்தால் உயரமாகக் கட்டுங்கள். வணக்கம்.