மணிக்கூண்டில் முள் ஓட வேண்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மணிக்கூண்டுகளின் அழகைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். நம் நாட்டு மணிக்கூண்டுகளில் மிக அழகானது எது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் கோபுரம். இன்றைய பேச்சில் பெரும்பகுதி அங்கேயேதான் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவல் மைதானத்தில் நின்றுகொண்டு கிழக்கே பார்க்க வேண்டும். 280 அடி உயரம். சதுரமாக எழும்பி, மேலே போகப் போக எண்கோணமாக மாறி, உச்சியில் கூர்ந்து முடிகிறது. மஞ்சள் பூத்த குர்லா கல். வெயில் சாயும் வேளையில் அந்தக் கல்லுக்கு வரும் நிறத்தை எந்தச் சாயமும் கொண்டுவராது. வரைபடம் போட்டவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் பம்பாய்க்கு வந்ததே இல்லை, லண்டனில் இருந்தபடியே வரைந்து அனுப்பினார். அவர் ஊர்த் தேவாலயங்களில் இப்படிப்பட்ட கோபுரங்களின் மாடங்களில் புனிதர்களின் சிலைகள் நிற்கும். இங்கே அண்ணாந்து பார்த்தால் ராஜபுத்திரரும் பார்சியும் குஜராத்தி வணிகரும் அவரவர் தலைப்பாகையோடு நிற்கிறார்கள். கோபுரத்தை அந்த ஊருக்குச் சொந்தமாக்கியது இந்தச் சிலைகள்தான் என்பது என் எண்ணம்.

பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது நின்றுபோக, இங்கிலாந்து ஆலைகள் பம்பாயை நாடின. ஊரில் பணமழை கொட்டியது. அந்தப் பருத்திச் சந்தையின் முடிசூடா மன்னராக இருந்தவர் அவர். பல்கலைக்கழக நூலகத்துக்கு இரண்டு லட்சம், கோபுரத்துக்கு இரண்டு லட்சம் என்று அள்ளிக் கொடுத்தார். கோபுரத்துக்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1865இல் போர் முடிந்தது, சந்தை சரிந்தது, பிரேம்சந்தும் சரிந்தார். ஆனாலும் 1869இல் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டி, 1878இல் கட்டி முடித்தார்கள். கண் பார்வை இழந்த அந்தத் தாயார் சமண நெறிப்படி பொழுது சாய்வதற்குள் உணவு உண்ண வேண்டும், யார் துணையும் இல்லாமல் நேரம் அறிய மணியோசை உதவும் என்று மகன் நினைத்தார் என மும்பையில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறோ கதையோ, அந்த மணியோசையைக் கேட்டவர்களுக்கு அதை நம்பத்தான் தோன்றும்.

இந்தக் கோபுரத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு வழக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் நகர முடியாது.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஒரே நேரம் கிடையாது. ஒவ்வொரு பெருநகரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதைக் கொண்டு நேரம் வைத்துக்கொண்டது. பம்பாய்க்கும் சென்னைக்கும் அரை மணி நேர வித்தியாசம். ரயிலும் தந்தியும் வந்த பிறகு நாட்டுக்குப் பொதுவான ஒரு நேரம் தேவைப்பட்டது, சென்னை நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வகம் இருந்ததே காரணம். இரவில் விண்மீன்கள் தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் கற்பனைக் கோட்டைக் கடக்கும் நொடியைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்து, அதைக்கொண்டு கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பல்லாண்டுகள் பணியாற்றிய இடம் அது. அங்கே கணித்த நேரத்தைப் பார்த்துத்தான் பெஷாவர் பக்கத்து ரயிலும் புறப்பட்டது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

பம்பாய்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன், இனி அரசு அலுவலகங்கள் சென்னை நேரப்படி நடக்கட்டும் என்று ஆணையிட்டார். ஊர் கொதித்தது. நம் சூரியன் ஒரு நேரம் காட்ட, எங்கோ கிழக்குக் கரையில் இருக்கும் ஊரின் நேரத்துக்கு நாம் ஏன் எழ வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோர் கண்ணும் ராஜாபாய் கோபுரத்தின் மேல் இருந்தது. ஊரே நிமிர்ந்து பார்க்கும் கடிகாரம் அல்லவா! இரவில் அதன் முகங்களுக்கு விளக்கேற்றும் செலவை அரசு ஏற்க வேண்டுமானால் அது சென்னை நேரத்தைக் காட்ட வேண்டும் என்றது அரசுத் தரப்பு. பல்கலைக்கழக ஆட்சிமன்றம் கூடி முடிவெடுத்தது: எங்கள் கடிகாரம் பம்பாய் நேரத்தைத்தான் காட்டும்.

1906இல் இந்தியப் பொதுநேரம் வந்தபோதும் இதே பிடிவாதம். புதிய நேரம் பம்பாய் நேரத்தைவிட 39 நிமிடம் முந்தியது. விடியலில் ஆலைக்கு ஓடும் தொழிலாளி இன்னும் 39 நிமிடம் இருட்டில் எழுந்தாக வேண்டும். மில் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். பம்பாய் நகராட்சி தன் பழைய நேரத்தை 1955 வரை விடவே இல்லை. கையில் கடிகாரம் இல்லாத மக்களுக்கு மணிக்கூண்டு எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தது என்பதை இந்தச் சண்டையைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிடாது. சீமானுக்கும் கூலிக்காரருக்கும் அது ஒரே நேரத்தை இலவசமாகக் காட்டியது. அதனால்தான் அது எந்த நேரத்தைக் காட்டுகிறது என்பது அவர்களுக்கு மானப் பிரச்சினையாக இருந்தது.

இனி உள்ளே ஏறிப் பார்ப்போம். பழைய கோபுரக் கடிகாரங்களில் நான்கு முகங்களுக்கும் பெரும்பாலும் இயந்திரம் ஒன்றுதான். நடுவில் அது இருக்கும், அதிலிருந்து நான்கு திசைக்கும் தண்டுகள் போய் முள்ளைத் திருப்பும். கம்பி வடத்தில் தொங்கும் பளு மெல்ல இறங்கி இயந்திரத்தை ஓட்டும், ஊசல் அந்த ஓட்டத்தை அளந்து விடும். பளு அடிவரை இறங்கிவிட்டால் சாவி கொடுத்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும். வீட்டுக் கடிகாரத்துக்கு இல்லாத தொல்லை ஒன்று இதற்கு உண்டு. முட்கள் திறந்த வெளியில் இருப்பதால் காற்று தள்ளும், பறவை உட்காரும். 1949இல் லண்டன் பிக் பென் கோபுரத்தின் நிமிட முள்ளில் மைனா இனப் பறவைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்து, கடிகாரத்தை நாலரை நிமிடம் தாமதப்படுத்திவிட்டன. காற்றின் அழுத்தம் முள் வழியாக ஊசலைத் தொடாதபடி அதற்குப் பொறியமைப்பு வகுத்தவர் டெனிசன் என்ற வழக்கறிஞர்! ஊசலின் மேல் பழைய பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காசு கூடினால் ஊசலின் எடைமையம் துளி மேலே ஏறும், கடிகாரம் ஒரு நாளைக்கு 0.4 நொடி விரையும். அவ்வளவு பெரிய கோபுரத்தை ஒரு காசால் திருத்துகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை ரிப்பன் மாளிகைக் கடிகாரம் 1913இல் பொருத்தப்பட்டது, சாவி கொடுத்து ஓட்டும் வகை. மணிகளை வார்த்தவர்கள் இங்கிலாந்தின் ஜில்லட் அண்ட் ஜான்ஸ்டன். வெள்ளை மாளிகைக்கு நடுவில் எழும் அந்தக் கோபுரத்தைப் பார்க்காமல் சென்ட்ரலுக்கு ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சென்ட்ரலின் சிவப்புக் கோபுரத்துக்கும் நான்கு முகம். இரண்டு கடிகாரமும் ஒரே சாலையில் அருகருகே நிற்கின்றன.

நாகர்கோவில் மணிமேடை 1893இல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் எழுந்தது. யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் இலங்கை வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாகக் கட்டியது, பொது நூலகத்துக்குப் பக்கத்தில். போரில் சிதைந்த அதை மறுபடி சீராக்கி நிறுத்தினார்கள்.

ஆனால் எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. தில்லி சாந்தினி சவுக்கில் இருந்த மணிக்கூண்டு இடிந்தே போனது, இடத்துக்குப் பெயர் மட்டும் மிச்சம். நம் ஊர்களில் பலவற்றில் கூண்டு இருக்கிறது, கடிகாரம் நின்றுவிட்டது. விழா வந்தால் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், வண்ண விளக்குத் தோரணம் போடுகிறார்கள், சுற்றிலும் விளம்பரப் பலகை நடுகிறார்கள். முள் மட்டும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில். நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும் கூண்டுகளும் உண்டு. இது எனக்கு உண்மையாகவே வேதனை. கோபுரத்தின் அழகெல்லாம் அந்த முள்ளுக்காக ஏற்பட்டது. முள்ளைச் செத்துப்போக விட்டுவிட்டுச் சுவருக்குப் பூச்சு பூசுவது பாதுகாப்பு ஆகாது.

பழுதை நீக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு லக்னோவைக் காட்டுகிறேன். உசைனாபாத் மணிக்கூண்டு, 221 அடி, பன்னிரண்டு இதழ் விரிந்த மலரைப் போன்ற கடிகார முகம். 1984இல் நின்ற அந்தக் கடிகாரம் இரண்டு ஆர்வலர்களின் உழைப்பால் 2011இல் மறுபடி ஓடியது. துருவைச் சுரண்டி, தேய்ந்த உறுப்புகளை மீண்டும் செய்து பொருத்தினார்கள்.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் ஊர் மணிக்கூண்டு ஓடுகிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஓடினால், சாவி கொடுப்பவர் யார் என்று விசாரித்து அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவருக்குப் பிறகு அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓடவில்லையானால் நகராட்சிக்கு மனு எழுதுங்கள். அழகுபடுத்தச் சொல்லி எழுதாதீர்கள், கடிகாரத்தைப் பழுது பார்க்கச் சொல்லி எழுதுங்கள். பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மின்கடிகாரம் மாட்ட வருவார்கள், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மனுவின் படியை ஊர் நூலகத்திலும் வையுங்கள், நாலு பேர் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். வணக்கம்.