அந்தக் கடிதங்கள் தந்தது தெளிவே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மனமயக்க மருந்துகளைப் பற்றி எழுத்தாளர்களும் மனநல மருத்துவர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் நமக்குத் தந்தது தெளிவா, மயக்கமா? இதுதான் தலைப்பு. நான் தெளிவின் பக்கம். எதிரணித் தலைவர் பேசியதில் முக்கால்வாசி ஹிப்பிகளைப் பற்றி. நீளமான முடி, பூப்போட்ட சட்டை, சேற்றில் புரண்டு ஆடிய கூட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, தலைப்பு கடிதங்களைப் பற்றியது அல்லவா? மொத்தப் பேச்சிலும் அவர் ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்தார். அதுவும் எங்கள் பக்கத்துச் சாட்சி. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை யாரும் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடக் கூடாது. எல்.எஸ்.டி., மெஸ்கலின் போன்ற இந்த மனமயக்க மருந்துகள் எல்லாம் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. நான் மருந்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கடிதத்துக்கு வாங்க வந்திருக்கிறேன்.

கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணம். அங்கே வெய்பர்ன் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்த பெரிய மனநல மருத்துவமனை. 1951இல் லண்டனிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட். லண்டனில் இருந்தபோதே அவரும் ஜான் ஸ்மைதிஸ் என்ற இன்னொரு மருத்துவரும் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். பெயோட்டே என்ற கள்ளியிலிருந்து கிடைக்கும் மெஸ்கலினுக்கும், நம் உடம்பே சுரக்கும் அட்ரினலினுக்கும் வேதி அமைப்பில் ஒரு சாயல் இருந்தது. அப்படியானால் மனச்சிதைவு நோயில் உடம்பே தனக்குள் ஒரு நஞ்சைத் தயாரித்துக்கொள்கிறதோ? இதைக் கட்டுரையில் எழுதினார்கள். 1953இல் அவர்களுடைய கட்டுரை ஒன்றை லாஸ் ஏஞ்சலீசில் ஒருவர் படித்துவிட்டு ஆஸ்மண்டுக்குக் கடிதம் போட்டார். அவர்தான் நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 16 வயதில் கண் நோய் வந்து பார்வையில் பெரும்பகுதியை இழந்தவர்.

அந்த மே மாதம் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மாநாடு லாஸ் ஏஞ்சலீசில் நடக்கிறது. அதற்கு வரும் ஆஸ்மண்ட் நம் வீட்டிலேயே தங்கட்டுமே என்கிறார் ஹக்ஸ்லி. மனைவி மரியாவுக்குக் கவலை. வருகிற ஆளுக்குத் தாடி இருந்தால்? நமக்குப் பிடிக்காமல் போனால்? பிடிக்காவிட்டால் நாம் வெளியே போய்விடலாம் என்றாராம் ஹக்ஸ்லி. ஆஸ்மண்டே பின்னாளில் எழுதி வைத்த சங்கதி இது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் வெளியே போகிற யோசனை நம் ஊரிலும் பலருக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை. அரை டம்ளர் தண்ணீர். அதில் 0.4 கிராம் மெஸ்கலின். வெள்ளிபோல் மின்னும் படிகங்கள் சுழன்று கரைவதைப் பார்த்தபடி ஆஸ்மண்ட் கலக்குகிறார். உள்ளுக்குள் பயம். அளவு கூடிவிட்டால்? ஹக்ஸ்லியைப் பைத்தியமாக்கிய ஆள் என்று தன் பெயர் நின்றுவிடுமோ என்ற பயம். நடுவர் அவர்களே, இந்தப் பயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் இருப்பவனுக்கு இந்தப் பயம் வராது. அதுமட்டுமில்லை, அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன்பே, லண்டனில் அதைத் தான் குடித்துப் பார்த்தவர் அந்த மருத்துவர்.

ஹக்ஸ்லி என்ன பார்த்தார்? சொர்க்கம் தெரியும், காட்சிகள் விரியும் என்று எதிர்பார்த்துத்தான் குடித்தார். கண்ணை மூடினால் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை, அதில் மூன்று பூக்கள். அப்புறம் கால்மேல் கால் போட்டிருந்த தன் கால்சட்டையின் மடிப்புகள். அவற்றைத்தான் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் அடுத்த ஆண்டு புத்தகமாகவே எழுதினார். கதை கட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர் ஐயா அவர்! இரண்டு தேவதைகளைச் சேர்த்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? சேர்க்கவில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவர் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கொஞ்சம் உண்மை பேசத்தான் தோன்றும்.

அதிலிருந்து 1963இல் ஹக்ஸ்லி இறக்கும்வரை பத்து ஆண்டுகள் இருவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏன் இது முக்கியம்? மருத்துவரிடம் நோயாளிகள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் உள்ளே படுகிற பாட்டைச் சொல்ல அவரிடம் மொழி இல்லை. எழுத்தாளரிடம் மொழி இருந்தது, மருத்துவமனை இல்லை. அன்றைக்கு மருத்துவ உலகம் இந்த மருந்துகளுக்கு வைத்திருந்த பெயருக்கே 'பைத்தியத்தைப் போலி செய்வது' என்றுதான் பொருள். 1956இல் வேறு பெயர் தேடுகிறார்கள். ஹக்ஸ்லி 'ஃபனரோதைம்' என்று ஒரு பெயரை ஈரடிப் பாட்டாகக் கட்டி அனுப்புகிறார். நரகத்தின் ஆழம் காணவோ தேவதைபோல் பறக்கவோ ஒரு சிட்டிகை 'சைகடெலிக்' போதும் என்று ஆஸ்மண்ட் எதிர்ப்பாட்டு அனுப்புகிறார். பெயர் வைப்பதில் எழுத்தாளரை மருத்துவர் ஜெயித்துவிட்டார். ஆனால் அந்த அடியைப் பாருங்கள், அதில் நரகமும் இருக்கிறது. விளம்பரம் எழுதுகிறவன் நரகத்தை முதல் வரியில் வைப்பானா?

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று எதிரணி கேட்டது. நல்ல கேள்வி. வெய்பர்னில் ஆஸ்மண்ட் என்ன செய்தார் தெரியுமா? மருந்து எடுத்தபோது சுவரும் தரையும் தூரமும் எப்படிப் பயமுறுத்துகின்றன என்று தானே உணர்ந்தவர், தன் வார்டைத் திரும்பிப் பார்த்தார். முடிவே தெரியாத நீளமான நடைக்கூடம். மனச்சிதைவு நோயாளிக்கு அது எப்படித் தெரியும்? 1957இல் மனநல வார்டுகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று கட்டுரை எழுதினார். கியோ இசுமி என்ற கட்டடக் கலைஞர் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு மனநல மருத்துவமனைக்குள் நடந்து பார்த்தார். கதவில்லாத இருட்டு அலமாரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கட்டில் உயரம், உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. சாதாரணமாகப் போய்வரும் நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? உள்ளே கிடப்பவருக்கு அதுதான் விஷயம். அந்த மாகாணத்திலேயே யார்க்டன் என்ற ஊரில் சின்னச் சின்ன வீடுகளாகப் புதிய மனநல மையம் ஒன்றை இசுமி வடிவமைத்தார். நோயாளியின் கண்ணால் பார்த்துக் கட்டிய கட்டடம் அது. இது மயக்கம் என்றால், எனக்கு அந்த மயக்கம் பிடித்திருக்கிறது.

அடுத்து குடிநோயாளிகள். ஆஸ்மண்டும் ஏப்ரம் ஹாஃபர் என்ற மருத்துவரும் அவர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுக்கத் தொடங்கியது பயமுறுத்துவதற்காக. குடி முற்றினால் வரும் நடுக்கமும் பிரமையும் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டால் ஆள் திருந்திவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பியது. மாறியவர்களில் பலர் பயந்து மாறவில்லை. தன்னைத் தானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்ததாகச் சொல்லி மாறினார்கள். உடனே மருத்துவர்கள் முறையையே மாற்றிக்கொண்டார்கள். டொராண்டோவில் வேறு மருத்துவர்கள் செய்த சோதனையில் பலன் இல்லை என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான், அங்கே பலன் தெரியவில்லை. ஆனால் அங்கே நோயாளியைக் கட்டிலோடு பிணைத்து வைத்துக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நார்வே ஆய்வாளர்கள் இருவர் பழைய சோதனைகளில் முறையாக நடந்த ஆறை எடுத்து, 536 பேரின் தரவுகளைச் சேர்த்து 2012இல் வெளியிட்டார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு. சில மாதங்களில் அந்த வித்தியாசம் தேய்ந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டேன், நடுவர் எடைபோடட்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஹக்ஸ்லியின் மரணப் படுக்கைக்குப் போனார். சாகும்போதும் போதையா என்று கேட்டார், அரங்கமே கை தட்டியது. 1963 நவம்பர் 22. கென்னடி சுடப்பட்ட அதே நாள். தொண்டையில் புற்றுநோய், பேச முடியவில்லை. எல்.எஸ்.டி. 100 மைக்ரோகிராம் ஊசியாகப் போடச் சொல்லித் தாளில் எழுதிக் காட்டினார். மரியா இறந்த பிறகு அவர் மணந்த லாரா போட்டார். அம்மா, இது அந்த நேரத்துத் தடுமாற்றம் இல்லை. 1958லேயே ஆஸ்மண்டுக்கு எழுதிய கடிதத்தில், இறுதிக் கட்டப் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தால் சாவு வெறும் உடல் சம்பந்தப்பட்டதாக இல்லாமல் போகுமா என்று யோசித்திருக்கிறார். அந்தக் கேள்வி சாகவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 புற்றுநோயாளிகளிடமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேரிடமும், சில காளான்களில் இருக்கும் சைலோசைபின் என்ற மனமயக்க மருந்தைக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் 2016இல் வெளிவந்தன. சாவு பயமும் மனச்சோர்வும் பலருக்குக் குறைந்தன. சாகப் போகிறவரின் பயத்தைப் பற்றி இரண்டு பேர் நிதானமாக எழுதிக்கொண்டதைப் போதை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, யுங்குக்கு வருவோம். எதிரணித் தலைவர் பெருமையாக எடுத்து நீட்டிய கடிதம் அது. 1954 ஏப்ரலில் விக்டர் வைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாருக்குக் கார்ல் யுங் எழுதியது. நமக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் நனவிலி மனத்தைப் பற்றிக் கனவும் உள்ளுணர்வும் காட்டுவதற்குமேல் தெரிந்துகொள்ள ஆசைப்படாதீர்கள், தெரியத் தெரிய உங்கள் பொறுப்பின் சுமை கூடும் என்கிறார். ஹக்ஸ்லியோ பேயைக் கூப்பிடக் கற்றுக்கொண்டு, திருப்பி அனுப்பத் தெரியாத மந்திரவாதியின் சீடன் என்கிறார். அருமையான எச்சரிக்கை! நான் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. ஆனால் தலைவர் அவர்களே, அது என்ன? கடிதம்! எழுதியவர் யார்? மனநல மருத்துவர்! எழுத்தாளரும் மருத்துவரும் எழுதிய கடிதங்கள் மயக்கத்தைத்தான் தந்தன என்று நிரூபிக்க, அவற்றிலேயே மிகத் தெளிவான ஒன்றை எடுத்துவந்து எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உடம்பே நஞ்சு தயாரிக்கிறது என்ற ஆஸ்மண்டின் கருதுகோள் நிற்கவில்லை. அட்ரினலின் சிதைந்து வரும் அட்ரினோகுரோம்தான் காரணமாக இருக்கலாம் என்று அவரும் ஹாஃபரும் சொன்னதை மற்றவர்கள் சோதித்து நிராகரித்தார்கள். தோற்றது, போனது. வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் அதைத் தோற்கடிக்கவும் முடிந்தது. எழுதாமல் செய்தால் என்ன ஆகும்? ஆஸ்மண்ட் அரை டம்ளர் தண்ணீர் கலக்கிய அதே 1953இல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 'எம்.கே.அல்ட்ரா' என்ற ரகசியச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபிராங்க் ஓல்சன் என்ற விஞ்ஞானிக்கு அவருக்கே தெரியாமல் எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். சில நாளில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். குடும்பத்துக்கு விவரம் தெரியவே இருபது ஆண்டுகளுக்குமேல் ஆனது. எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். அந்த இருட்டுக்கும் இந்தக் கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பட்டம் கொடுக்கிறது எதிரணி.

கடைசியாக, எதிரணியின் செல்லப்பிள்ளை டிமோதி லியரி. ஊரெல்லாம் எல்.எஸ்.டி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிளப்பிவிட்ட ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர். ஹிப்பிக் கதை முழுக்க இவரை வைத்துத்தான். இவரை வளர்த்துவிட்டதே ஹக்ஸ்லி வட்டம்தானே என்றார்கள். 1960இல் ஹக்ஸ்லியும் ஆஸ்மண்டும் அவரைச் சந்தித்தது உண்மை, பிடித்திருந்ததும் உண்மை. பிறகு? 1962 டிசம்பர் 26ஆம் தேதி ஹக்ஸ்லி ஆஸ்மண்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். லியரியோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவு உளறினார், கவலையாகிவிட்டது. தலைமையாசிரியரைச் சீண்டிப் பார்க்கும் குறும்புப் பையனைப்போல நடந்துகொள்கிறார் என்கிறார். எதிரணி இன்றைக்குச் சொன்ன குற்றச்சாட்டை, அறுபது ஆண்டுக்கு முன்பே, ஹிப்பிகள் கிளம்புவதற்கு முன்பே, இந்தக் கடிதம் சொல்லிவிட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஹிப்பிகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். அதற்கு முன்னால், அந்த டிசம்பர் 26 கடிதத்தில் எந்த வரி மயக்கம் என்று மட்டும் காட்டிவிட்டுப் பேசட்டும். நன்றி, வணக்கம்.