ஒரே ஒரு பட்டன், ஒரே ஒரு படம்: ஒபாமா தளத்துக்கு வந்த 6 கோடி டாலர் கணக்கு

[திரையில்: சிவப்பு நிறத்தில் ஒரு பட்டன்]

வணக்கம் நண்பர்களே. ஒரு இணையதளத்தின் முகப்பில் பட்டனில் இருந்த எழுத்தையும் அதற்கு மேலே இருந்த படத்தையும் மாற்றினார்கள். வேறு எதையும் தொடவில்லை. இதனால் சுமார் 6 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்று அந்த வேலையைச் செய்தவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2007 டிசம்பர். அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஒபாமா களத்தில் இருக்கிறார், கட்சி வேட்பாளராக இன்னும் தேர்வாகவில்லை. தளத்துக்கு வருகிறவர்களிடம் மின்னஞ்சல் முகவரி வாங்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் அப்புறம் நன்கொடை கேட்க முடியும், தொண்டு செய்யக் கூப்பிட முடியும். கூகுளில் வேலை பார்த்துவிட்டு வந்த டான் சிரோக்கர் இந்தப் பொறுப்பை எடுத்தார்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த 100 பேரில் எத்தனை பேர் முகவரி கொடுத்தார்கள்? இந்த ஒரு எண்தான். சோதனை தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிட்டார்கள்.

[திரையில்: 4 பட்டன்கள், 3 படங்கள், 3 வீடியோக்கள்]

பட்டன்களில் 'பதிவு செய்யுங்கள்', 'இப்போதே பதிவு செய்யுங்கள்', 'இப்போதே எங்களோடு சேருங்கள்', 'மேலும் அறிய' என்று நான்கு வகை. மேலே 3 படம், 3 வீடியோ. எல்லாம் சேர்த்து 24 ஜோடி. வந்தவர்கள் 3,10,382 பேர். ஒவ்வொரு ஜோடியையும் சுமார் 13,000 பேர் பார்த்தார்கள்.

வீடியோவை நிறுத்திவிட்டு எது ஜெயித்திருக்கும் என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

பிரசாரக் குழுவில் இருந்தவர்களுக்குப் பிடித்தது ஒரு வீடியோ. ஆனால் மூன்று வீடியோக்களுமே படங்களிடம் தோற்றன! ஜெயித்தது, ஒபாமா மனைவியோடும் இரண்டு மகள்களோடும் இருக்கும் குடும்பப் படமும், 'மேலும் அறிய' பட்டனும். பழைய பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் முகவரி கொடுத்தார்கள். புதியதில் 11.6 சதவீதம்.

ஏன் 'மேலும் அறிய'? சோதனை காரணம் சொல்லாது, இது என் எண்ணம். துணிக்கடை வாசலில் "என்ன வேணும்?" என்று கேட்டால் கால் தயங்கும். "உள்ள வந்து பாருங்கம்மா, எடுக்கணும்னு இல்ல" என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவோம். 'பதிவு செய்யுங்கள்' என்பது நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. 'மேலும் அறிய' என்பது நமக்கு ஒன்றைத் தருகிறது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, அந்த 6 கோடி? பிரசாரம் முழுக்கச் சுமார் 1 கோடி பேர் பதிந்தார்கள். பழைய பக்கமே இருந்திருந்தால் 71.2 லட்சம் பேர்தான் பதிந்திருப்பார்கள். மீதி 28.8 லட்சம் பேர், ஆளுக்குச் சராசரியாக 21 டாலர் நன்கொடை. 8.26 என்பது 11.6 ஆனது 40 சதவீத உயர்வு. அது கடைசி வரை அப்படியே நீடித்தது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அதனால் நான் முழுதாக நம்புவது 8.26, 11.6 என்ற அளந்த எண்களைத்தான்.

இப்போது உங்கள் தளத்துக்கு வருவோம். நீங்கள் ஊறுகாய் விற்கிறீர்கள். ஒரே இணைப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், நோட்டீஸில் அச்சடித்த க்யூஆர் கோடு என மூன்று இடத்தில் போட்டீர்கள். ஆர்டர் வந்தது. எங்கிருந்து வந்தது? தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில், வாட்ஸ்அப்பில் தட்டி வந்தவர் பெரும்பாலும் எங்கிருந்து வந்தார் என்றே தெரியாத 'நேரடி' வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் இணைப்பின் வாலில் தனித்தனி யூடிஎம் (UTM) குறிச்சொல் சேருங்கள், அதாவது எந்த இடத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் சின்ன அடையாளம். அதை ஆங்கிலத்தில் ஒரு நாள் பெரிய எழுத்தில் (ABC), மறுநாள் சின்ன எழுத்தில் (abc) அடித்தால் அறிக்கையில் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடும். எப்போதும் சின்ன எழுத்து.

ஒபாமா குழுவைப் பார்த்து 24 ஜோடி போட்டுவிடாதீர்கள். ஒரு நாளுக்கு 40 பேர் வரும் தளத்தில் ஜோடிக்கு இரண்டு பேர்கூடத் தேறாது. இரண்டே வகை போதும். முதல் நாள் முடிவைப் பார்த்துத் துள்ள வேண்டாம், வாரக்கணக்கில் ஓட விடுங்கள்.

உங்கள் தளத்தின் பட்டனில் இப்போது என்ன எழுதியிருக்கிறது? அப்படியே கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் அதிலிருந்து ஐந்தை எடுத்து, மாற்றிப் பார்க்க என்ன எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.